சந்நிதியில் இருப்பவனுக்குச் சொல் எதற்கு?

பெங்களூர்த் தொம்மலூரில் எழுந்தருளியிருக்கும் சொக்கப்பெருமாள் கோயிலின் கற்களில் பழைய தமிழ்ச் சாசனங்கள் பல வெட்டப்பட்டிருக்கின்றன. ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கும் அச்சாசனங்களுள், திருவரங்கத்துக்கு அருகேயுள்ள கண்ணனூரிலிருந்து அரசாண்ட போசள வீரராமநாத தேவனின் ஆணையும் உண்டு. பின்னாளில் விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்தில், ஊரைச் சூழ்ந்த மனைகளும் கிணறுகளும் நிலங்களும் பெருமாளுக்கு உரியனவாக்கப்பட்ட செய்தியும் உண்டு. கதவு நிலைக்கால் கொடுத்தவர் பெயரையும் நிலம் விட்டவர் பெயரையும் மறவாமல் சொல்லும் அந்தக் கற்கள், அம்மனைகளில் குடியிருந்தவர்களை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதை மட்டும் சொல்வதில்லை. கேட்டிருக்க மாட்டார்கள், கேட்கவேண்டும் என்று குடியிருந்தவர்களும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அரசனுக்குச் செலுத்திய வரி இனிப் பெருமாளுக்குப் போகிறது என்றால், அந்த மாற்றத்தில் அவர்கள் இழந்தது எதுவுமில்லை; ஒருவேளை பெருமை கூட அடைந்திருக்கலாம். சந்நிதிக்குள் வந்துவிட்டவனுக்குத் தனியாக ஒரு சொல் எதற்கு?

இந்தக் கேள்வியை நம்முடைய வைஷ்ணவ ஆசாரியர்கள் வெகு ஆழமாக விசாரித்திருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல் ஜீவன் தன் பங்குக்கு ஒரு சிறு யத்தனமாவது செய்யவேண்டும் என்பது வேதாந்த தேசிகரைப் பின்பற்றியோர் கொள்கை. பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விச் சுமந்துசெல்வதுபோல் ரக்ஷிப்பது முழுவதும் ஈசுவரன் செயல், இடையில் நம் முயற்சி என்று ஒன்று புகுந்தால் அதுவே தடை என்பது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றியோர் கொள்கை. இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் இரு தரப்பாரும் வாதமின்றி ஒப்புக்கொள்ளும் அடிப்படை ஒன்று உண்டு: ஜீவன் பரதந்திரன், அவனுடைய மேன்மையே அந்தப் பாரதந்திரியத்தில்தான் இருக்கிறது. இத்தத்துவம் நிற்பதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. ஆள்பவனும் ஆளப்படுபவனும் ஒரே இனத்தவராக இருக்கக்கூடாது. சுமப்பவன் தவறமாட்டாதவன், தன்னலமற்றவன், தன் உடைமையைத் தன் உடலாகவே பாவிப்பவன் என்றிருக்கும்போதுதான் சுமக்கப்படுபவனின் மௌனம் அழகாகிறது. இந்த நிபந்தனையை மறந்துவிட்டு, பக்திக்கு உரிய நியாயத்தை ராஜ்யத்துக்கு இரவல் வாங்கினால் என்ன நேரும் என்பதற்கு நம் தேசத் தலைநகரின் சரித்திரமே நீண்டதொரு வியாக்கியானம்.

1911ஆம் ஆண்டு தர்பாரில் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குத் தலைநகர் மாறுவதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே டில்லி ஒரு தலைமை ஆணையரின் கீழ்த் தனி மாகாணமாயிற்று. சுதந்திரத்தை ஒட்டிப் பட்டாபி சீதாராமய்யா தலைமையில் அமைந்த குழு, டில்லிக்கும் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்றது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அதற்கு இசையவில்லை. இந்தியாவின் தலைநகரை உள்ளூர் ஆட்சி ஒன்றின் கீழ் வைப்பது பொருந்தாது என்று கருதி, அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் உதாரணம் காட்டியது. டில்லியின் பிரதிநிதியாக அரசியல் நிர்ணய சபையில் இருந்த தேசபந்து குப்தா விடாமல் வாதாடினார். 1952இல் 48 உறுப்பினர் கொண்ட சட்டசபையும் சௌதுரி பிரம் பிரகாஷ் தலைமையில் ஒரு மந்திரிசபையும் வந்தன. 1956 நவம்பரில் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்து நாமெல்லோரும் மகிழ்ந்திருந்த அதே நாளில் டில்லியின் சட்டசபை மறைந்துபோயிற்று. பிறகு ஒரு மாநகராட்சி, 1966இன் சட்டப்படி ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டும் படைத்த ஒரு பெருநகர மன்றம், இறுதியாக 1991இல் அரசியலமைப்பின் 69ஆவது திருத்தத்தால் 70 இடங்கள் கொண்ட சட்டமன்றம். போலீஸ், பொது அமைதி, நிலம் ஆகிய மூன்றும் இந்த மன்றத்துக்கு எட்டாதபடி மத்திய அரசின் கையிலேயே நின்றன.

அதன் பிந்திய கதை பத்திரிகை வாசகர்கள் அறிந்ததே. ஒரு பகுதியை மட்டும் நினைவூட்டுகிறேன். அரசு ஊழியர்மீது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே அதிகாரம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 மே 11 அன்று தீர்ப்பளித்தது. எட்டாம் நாள் அதை மாற்றி மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது சட்டமாயிற்று. ஊழியர் நியமனத்தையும் மாற்றத்தையும் பரிந்துரைக்க மூவர் கொண்ட ஆணையம் ஒன்றை அது அமைத்தது: முதலமைச்சர் ஒருவர், அதிகாரிகள் இருவர், பெரும்பான்மைப்படி முடிவு, அதற்கும் மேலே துணைநிலை ஆளுநர். பல லட்சம் வாக்குகளின் பலத்தோடு வந்து அமர்கிறவர், ஒரு வாக்கும் பெறாத இருவருக்கு எதிரே சிறுபான்மையாகிவிடுகிற இந்த ஏற்பாட்டைக் கட்சிக் கண்ணோட்டமின்றிப் பார்க்க முயல்கிறேன். இன்று ஆளும் கட்சி எது, எதிர்க்கட்சி எது என்பது மாறிக்கொண்டே இருக்கும். எதிரணியில் இருக்கையில் டில்லிக்கு முழு மாநில அந்தஸ்து கேட்காத பெரிய கட்சி இல்லை. மத்திய ஆட்சியில் அமர்ந்தபின் அதைக் கொடுத்த கட்சியும் இல்லை.

டில்லிக்குள்ளேயே மற்றொரு வட்டம் இருக்கிறது. நாடாளுமன்றமும் அமைச்சரகங்களும் ஜனாதிபதி மாளிகையும் அமைந்த புது டில்லிப் பகுதியை நிர்வகிக்கும் நகராட்சிக் குழுவின் உறுப்பினரில் எவரும் அக்குழுவுக்கென்று மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. அப்பகுதியின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினரைத் தவிர மற்றவர் நியமனம் பெற்றவரே. மாநிலத்தவனுக்கு முழுச் சொல், டில்லிவாசிக்கு அரைச்சொல், புது டில்லியில் குடியிருப்பவனுக்குத் தன் தெருவைப் பற்றிக் கால்சொல்: கர்ப்பக்கிருகத்தை நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கவேண்டும் என்ற கோயில் ஆசாரத்தை அப்படியே ராஜ்யத்துக்கு வகுத்ததுபோல் இருக்கிறது. குறை என்று சொல்லவும் வழியில்லை. சாலைகள் அகலமானவை, மரங்கள் நிழல் தருகின்றன, குழாயில் நீர் வருகிறது. நன்றாகத்தானே ஆளப்படுகிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதிலுக்குப் போகுமுன் எதிர்த்தரப்பு வாதத்தின் நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். 1783இல், சம்பளம் வராத போர்வீரர்கள் பிலடெல்பியாவில் அமெரிக்கக் காங்கிரஸ் கூடியிருந்த மாளிகையைச் சூழ்ந்துகொண்டபோது, பென்சில்வேனிய மாநில அரசு உதவிக்குப் படை அனுப்ப மறுத்தது. தேச சபை ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. தேசத்தின் பீடம் ஒரு மாநிலத்தின் தயவில் இருக்கக்கூடாது என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. அந்த அச்சத்தின் பயனாகவே வாஷிங்டன் பிறந்தது. 1801இலிருந்து அதன் குடிகள் தேச சபைக்கு வாக்களிக்கும் உரிமையை இழந்தார்கள். ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க அவர்கள் 1961ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருந்தார்கள். இன்றும் கீழ்ச்சபையில் அவர்கள் பிரதிநிதி பேசலாம், சட்டம் நிறைவேறும்போது கை தூக்க இயலாது. மேல்சபையில் பேசவும் ஆள் இல்லை. வரி கொடுத்தும் பிரதிநிதித்துவம் இல்லை என்ற பழைய முறையீட்டைத் தங்கள் மோட்டார் வண்டிகளின் எண் பலகையிலேயே எழுதிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அவர்கள் தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 6,90,000. இரண்டு செனட்டர்களைப் பெற்றுள்ள வயோமிங் மாநிலத்தாரைவிட அதிகம்.

வாஷிங்டனின் கதையில் நம் ஊரார் கவனிக்கவேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. தலைநகருக்காக வர்ஜீனியா கொடுத்த பங்கு, அலெக்சாந்திரியா நகரத்தோடு, 1846இல் வாக்கெடுத்து அம்மாநிலத்துக்கே திருப்பித் தரப்பட்டது. இதே மாதிரியான ஒரு காரியம் பெங்களூரிலும் நடந்திருக்கிறது. 1831இல் மைசூர் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்ட ஆங்கிலேயர், ஐம்பது ஆண்டு கழித்து 1881இல் சாமராஜ உடையாரிடம் சமஸ்தானத்தை ஒப்படைத்தபோது, 1809 முதல் வளர்ந்திருந்த, தண்டு எனப்படும் ராணுவக் குடியிருப்புப் பகுதியை மட்டும் தங்களிடமே நிறுத்திக்கொண்டனர். அவ்வாண்டுத் தசராவில், செங்கல்பட்டுச் சீமையிலிருந்து வந்து திவானாயிருந்த ரங்காசார்லு பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். 144 பேர் மைசூரில் அமர்ந்து தங்கள் குறைகளைச் சொல்லத் தொடங்கினர். சட்டம் இயற்றும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை. ஆனாலும் பிரஜையின் வாயைத் திறந்துவிட்ட பெருமை அதற்குண்டு. அல்சூரிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் திரளாக வாழ்ந்த தமிழர்கள், பட்டாளத்தோடு வந்தவரும் பட்டாளத்துக்குச் சாமான் விற்க வந்தவருமாக, கோட்டுக்கு இப்பால் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆட்சியில் இருந்தார்கள். தங்களுக்கென்று ஒரு நகராட்சி மன்றம் இருந்தது. பழைய நகரமான பேட்டையிலிருந்தோர் மைசூர்ச் சபையில் பேசியதுபோல் பேச அவர்களுக்கு இடமில்லை. 1947 ஜூலை 26 அன்று, தேச சுதந்திரத்துக்குச் சில நாட்கள் முன்பு, தண்டு மைசூருடன் மீண்டும் சேர்ந்தது; 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின.

திரும்பச் சேர்வதில் தண்டுவாசிகளுக்கெல்லாம் ஒரே மனம் இருந்ததென்று கொள்ளவேண்டாம். ரெசிடெண்டின் ஆட்சி ஒழுங்காக இருக்கிறது, சமஸ்தானத்தோடு சேர்ந்தால் என்னவாகுமோ என்று தயங்கியவர் பலர். இந்தத் தயக்கத்தை அடிமை மனப்பான்மை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அலெக்சாந்திரியா திரும்பிப்போக விரும்பியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, தலைநகருக்குள் அடிமை வியாபாரத்துக்குத் தடை வந்துவிடுமோ என்ற அச்சம். சொல்லுரிமையை மீட்டவர்கள் அதைக் கொண்டு மனிதரை விற்கும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். விற்கப்பட்டவர்களை வாக்குச் சாவடிக்கு யாரும் அழைக்கவில்லை. வாக்கு வந்தால் தர்மம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். நல்லாட்சி வேண்டுமென்பதற்காக வாக்குரிமையைக் கேட்போமாயின், வாக்கின்றியே நல்லாட்சி கிடைக்கிறது என்று காட்டும் நாளில் நம் வாதம் விழுந்துவிடும்.

ஆகவே வாதத்தை வேறிடத்தில் ஊன்றவேண்டும். நம் தர்ம சாஸ்திரங்கள் அரசனுக்கு விளைச்சலில் ஆறிலொரு பங்கை வகுத்ததோடு நிற்கவில்லை. குடிகளைக் காப்பவனுக்கு அவர்கள் புண்ணியத்தில் ஆறிலொன்றும், காவாதவனுக்கு அவர்கள் பாபத்தில் ஆறிலொன்றும் சேரும் என்றன. வரியை வாங்குபவன் வினையையும் வாங்கியாகவேண்டும் என்பது இதன் கருத்து. திருவள்ளுவரும் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தாரேயன்றி, ஆட்சியின் பழியைக் குடிகள்மேல் ஏற்றவில்லை. அக்காலத்தில் அது அவர்களைச் சார்ந்ததும் அன்று. அரசன் போய்க் குடியே அரசனான பின் இந்தக் கணக்கு என்னவாகும்? அரசன் சுமந்த பங்கு எங்கோ காற்றில் கரைந்துவிடாது. வாக்களித்தவர்கள் தலையில் வந்து இறங்குகிறது. ஒரு ராஜ்யம் செய்யும் நன்மையிலும் தீமையிலும் வாக்காளன் கர்த்தாக்களில் ஒருவன். வாக்கில்லாதவனோ, வரி கொடுத்தும், சட்டத்துக்குப் பணிந்தும், போரில் இறந்துங்கூட, அந்த வினையின் கர்த்தாவாகமாட்டான். அவனை நிரபராதியாகவே வைத்திருக்கிறார்கள். குழந்தையை வைத்திருப்பதும் அவ்வாறுதான். ஆயினும் வளர்ந்த மனிதனைக் குழந்தையின் நிரபராதத்தில் நிறுத்துவது அவனுக்குச் செய்யும் மரியாதையாகாது. டில்லிவாசியின் குறை, அவனுக்குச் சாலை போடவில்லை என்பதன்று. தன் ஊரில் போலீஸ் ஓர் ஏழையை அடித்தால், அந்த அடியில் தனக்கும் பங்குண்டு என்று வெட்கப்படவோ, அதைத் தடுக்கவேண்டியவன் நான் என்று எழவோ, டில்லிவாசி என்ற முறையில் அவனுக்கு இடமில்லை என்பதே குறை. தேசக் குடி என்ற முறையில், ஏழு மக்களவை உறுப்பினர் வழியாக, அவனுக்கு ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது. அதே பங்கு எங்கோ இருக்கும் கன்னியாகுமரிக்காரனுக்கும் இருக்கிறது.

ஈசுவரன் முன் நாம் வினைச்சுமையை இறக்கிவைக்கலாம். அவன் சுமக்க வல்லவன், சுமந்தும் மாசு படாதவன். நம்மைப் போன்ற மனிதரிடம் அதை இறக்கிவைப்பது சரணாகதி ஆகாது. நம் பங்கையும் சேர்த்து அவர்களைச் சுமக்கச் செய்கிறோம், அவ்வளவே.

மனிதர் இந்தச் சுமையை விரும்பி ஏற்பார்களா என்பது வேறு கேள்வி. வரைவுக் குழு உதாரணம் காட்டிய ஆஸ்திரேலியாவிலேயே, தலைநகரான கான்பெராவின் குடிகளிடம் 1978இல் சுயாட்சி வேண்டுமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் இருப்பதே போதும் என்று வாக்களித்தனர். தேச கஜானா செலவு செய்கையில் நாமாகவே வரிச்சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வானேன் என்ற கணக்கு அதில் இருந்திருக்கும். மறுத்தவர்களுக்கும் நாடாளுமன்றம் 1988இல் சுயாட்சியைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், சுயாட்சி வேண்டாம் என்பதையே கட்சிப் பெயராக வைத்துக்கொண்டவர்களும், சுயாட்சியை ஒழிப்போம் என்ற அணியினரும், பதினேழு இடங்களில் நான்கைக் கைப்பற்றிச் சட்டசபைக்குள் வந்து உட்கார்ந்தனர். வெயிலில் பழுத்த தக்காளியின் பெயரால்கூட ஒரு கட்சி போட்டியிட்டது. நகைப்புக்குரிய தொடக்கந்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கே அவர்களுக்கு வாக்கு தேவைப்பட்டதென்பதையும், அந்தச் சபை இன்றுவரை நடந்து வருகிறதென்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நம் வரைவுக் குழு எந்த உதாரணங்களைப் பார்த்து டில்லியைக் கட்டியதோ, அந்த உதாரணங்களில் ஒன்று முற்றிலும் மாறிவிட்டது. மற்றொன்று மாற முயன்றுகொண்டிருக்கிறது. வாஷிங்டனின் சட்ட மசோதா, மாளிகைகள் நிற்கும் சிறு பகுதியை மட்டும் தேசத்துக்கு ஒதுக்கிவிட்டு, மக்கள் குடியிருக்கும் மிகுதியை மாநிலமாக்கச் சொல்கிறது. 2020இலும் 2021இலும் கீழ்ச்சபையில் நிறைவேறி, மேல்சபையைக் கடக்காமல் நிற்கிறது. பிலடெல்பியாவின் அச்சத்துக்கு இது போதுமான பதில் என்றே நினைக்கிறேன். பீடத்தை ஒதுக்கிவைப்பதற்கு, அதைச் சுற்றி வாழும் மனிதரையும் ஒதுக்கவேண்டியதில்லை.

டில்லியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் மாநிலத் தலைநகரில் இருக்கிறோம். சாந்திநகர்ச் சட்டமன்றத் தொகுதியில் தொம்மலூராருக்கு வாக்கு உண்டு, மக்களவைக்கும் உண்டு. ஆயினும் 2020 செப்டம்பர் 10 அன்று பாலிகே எனப்படும் பெங்களூர் மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் காலம் முடிந்து கலைந்தபின், முழுதாக ஐந்தாண்டுகள் இந்நகரின் 198 வார்டுகளில் எதற்கும் கார்ப்பொரேட்டர் என்று ஒருவர் இல்லை. காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்திவிடவேண்டும் என்று அரசியலமைப்பு தெளிவாகச் சொல்கிறது. வார்டுகளை 243 ஆக்குவதா 225 ஆக்குவதா, இடஒதுக்கீட்டை எவ்வாறு அமைப்பது என்பன வழக்குகளாக வளர, நிர்வாக அதிகாரிகள் ஆண்டார்கள். 2025 மே மாதம் பெருநகர ஆணையம் பற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகள் அமைந்தன. மேலே உள்ள ஆணையத்துக்கு முதலமைச்சரே தலைவர். கர்நாடகம் முழுவதுக்கும் சொந்தமான தலைநகரைப் பெங்களூர்க்காரரிடம் மட்டும் விட்டுவிடலாமா என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. டில்லியைப் பற்றிய எண்ணந்தான், அளவில் சிறியது.

இந்த ஐந்தாண்டில் என்னை வியக்கவைத்தது, இல்லாமையைப் பற்றி எழுந்த முறையீடு எவ்வளவு குறைவு என்பதே. கார்ப்பொரேட்டர் இல்லாததால் கமிஷன் தொல்லை ஒழிந்தது, அதிகாரியிடம் நேரே புகார் சொல்லலாம் என்று படித்தவர்களே திருப்தியோடு சொல்லக் கேட்டேன். தண்டுவாசிகள் ரெசிடெண்டைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும். மழைநீர்க் கால்வாய் பொங்கித் தாழ்ந்த வீடுகளில் புகும்போது அதிகாரியைக் குறை கூறிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். நாம் நியமித்தவர் அல்லரே! குற்றம் சொல்லும் உரிமை முழுவதும் கையில், குற்றத்தின் பங்கு சிறிதும் தலையில் இல்லை. பூனைக்குட்டியின் சௌக்கியம் இதைவிட அதிகமாக இருக்க முடியாது.

இன்னொரு தரப்பாரும் இங்கே இருக்கிறார்கள். தொம்மலூரை ஒட்டிய ராணுவ நிலங்களில் குடியிருக்கும் சிப்பாய்களின் பெயர் பெரும்பாலும் அவரவர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும். அமைதி நிலையங்களில் பணிபுரிவோர் தாங்கள் வாழும் இடத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வழி திறந்தது. டில்லிக்கு எதிராகச் சொல்லப்படும் பழைய வாதங்களில் ஒன்று, அங்கிருப்போர் பலர் வேறூர்க்காரர், உத்தியோகத்துக்காக வந்தவர், அவர்களுக்கு அங்கே என்ன ஒட்டு என்பது. தொம்மலூரில் இந்த வாதத்தைச் சொன்னால் இருநூறு ஆண்டுக்கு முன் பட்டாளத்தோடு வந்த தமிழரையும், இருபது ஆண்டுக்கு முன் கணினி வேலைக்கு வந்த வடநாட்டாரையும் ஒரே கோட்டுக்கு வெளியே நிறுத்தவேண்டியிருக்கும். பெருமாளுக்கு நிலைக்கால் கொடுத்தவர்கூட எங்கிருந்து வந்தாரோ, யார் கண்டது? வந்தவன் எந்த ஊரின் பழியைத் தன் பழியாக ஏற்கத் துணிகிறானோ அந்த ஊரின் பட்டியலில் தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும். எழுதிக்கொண்ட பின் அவனை ஐந்தாண்டு காக்கவைக்காமல் தேர்தல் நடத்துவது, பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்களின் கடமை.